மூன்றரை சதவீதம்: பின்னி மில்லும் மான்செஸ்டர் துணியும்

2003 முதல் 2011 வரை உங்கள் சேமிப்புக் கணக்குக்கு எந்த வங்கியானாலும் கொடுத்த வட்டி மூன்றரை சதவீதம். அந்த வருடங்களில் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பாஸ்புக்கில் அந்த வட்டி வரவாகியிருக்கிறதா என்று சரிபார்க்கக்கூட முக்கால்வாசிப் பேர் வந்ததில்லை. மூன்றரை சதவீதம் அவ்வளவு சின்னத் தொகை.

அதே மூன்றரை சதவீதம் நம் பக்கத்து மில்லில் நெய்த ஒவ்வொரு கஜத் துணியின் மேலும் முப்பது வருடம் வரியாக விழுந்தது. சாலை போடவோ பள்ளிக்கூடம் கட்டவோ போட்ட வரி என்று நினைத்துவிடாதீர்கள். ஏழாயிரம் மைலுக்கு அப்பால் மான்செஸ்டரில் இருந்த துணி முதலாளிகள் மனம் கோணக்கூடாது என்பதற்காகப் போட்டது. புளியந்தோப்பில் குடியிருக்கும் நமக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இப்போது இதை எழுதக் காரணம் நம் வாட்ஸ்அப் குழுதான். தீபாவளிக்கு நுழைவாயிலில் போடும் சீரியல் லைட்டுக்காக இரண்டு நாள் சண்டை நடந்தது நினைவிருக்கும். ஒரு தரப்பு, "சீனச் சரக்கை உள்ளே விடவே கூடாது, வரியைப் போட்டுத் தீட்டணும்" என்றது. இன்னொரு தரப்பு, "மலிவாகக் கிடைத்தால் வாங்குவதில் என்ன தப்பு, அதிக விலைக்கு வாங்க நான் என்ன ஏமாளியா" என்றது. இரண்டு தரப்பிலும் எனக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள். இரண்டு பேச்சும் இந்த ஊருக்குப் புதிதல்ல என்று மட்டும் குழுவில் எழுதினேன். செயலாளர் உடனே, "சார், அதையே இதழுக்கு எழுதிக் கொடுங்கள்" என்று பிடித்துக்கொண்டார்.

இந்த ஊரே மலிவுத் துணிக்காக உண்டான ஊர். 1639இல் பிரான்சிஸ் டே இந்த மணல் கரையைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம், இங்கே துணி மற்ற இடங்களைவிட இருபது சதவீதம் மலிவு என்பதுதான். கம்பெனிக்கு வேண்டியிருந்தது கோட்டையைவிடத் துணி. திருவொற்றியூர்ப் பக்கம் போகும்போது காலடிப்பேட்டையைப் பார்த்திருப்பீர்கள். காலடிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய பேட்டை அது, காலெட் பேட்டை. 1734இல் சிந்தாதிரிப்பேட்டையும் அதே மாதிரி நெசவாளர்களுக்காக அமைக்கப்பட்டதுதான். நெய்த துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் இருந்த இடம் வண்ணாரப்பேட்டை. வடசென்னையின் பாதிப் பெயர்கள் துணி வியாபாரத்தின் பேரேட்டிலிருந்து வந்தவை.

அந்தத் துணி லண்டனில் போய் இறங்கியபோது என்ன ஆயிற்று? இன்று நம் குழுவில் நடந்த அதே சண்டை. நம் அச்சுத் துணி அங்கே மலிவு, சாயம் போகாது, பார்க்கவும் அழகு. பிரபு வீட்டுச் சீமாட்டியும் உடுத்தினாள், அவள் வேலைக்காரியும் உடுத்தினாள். கம்பளியும் பட்டும் நெய்த அந்த ஊர் நெசவாளிகளுக்கு வயிற்றில் அடி. 1700இல் இந்தியா, பாரசீகம், சீனாவிலிருந்து வரும் சாயமிட்ட, அச்சிட்ட துணியை இங்கிலாந்தில் பயன்படுத்தக் கூடாது என்று பாராளுமன்றம் சட்டம் போட்டது. அது போதவில்லை. 1719இல் லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளிகள் தெருவில் இறங்கி, பருத்தி அச்சுத் துணி உடுத்திப் போன பெண்களின் உடையைக் கிழித்தார்கள். 1721இல் இன்னொரு சட்டம் வந்தது: அச்சிட்ட பருத்தித் துணி உடுத்தினால் 5 பவுண்டு அபராதம், விற்றால் 20 பவுண்டு. நாம் இன்று "இறக்குமதியைத் தடை செய்" என்கிறோமே, அதை நமக்கு எதிராகவே முந்நூறு வருடத்துக்கு முன் செய்து காட்டியவர்கள் அவர்கள்.

தடைச் சுவருக்குப் பின்னால் அவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. நூற்கும் இயந்திரம், நெய்யும் இயந்திரம், நீராவி என்று ஒவ்வொன்றாக வந்தன. 1813 வாக்கில் இந்திய வெள்ளைத் துணி இங்கிலாந்தில் இறங்கினால் 100 பவுண்டு மதிப்புக்கு 85 பவுண்டு வரி, மஸ்லினுக்கு 44 பவுண்டு. அதே சமயம் அவர்கள் துணி இங்கே இறங்க இரண்டரை, மூன்றரை சதவீத அளவில்தான் வரி. போதாக்குறைக்குச் சென்னை மாகாணத்தில் நம் நெசவாளி தன் சொந்தத் தறிக்கு மொதர்பா என்று ஒரு வரி கட்டிக்கொண்டிருந்தான். வெளியூர்த் துணிக்கு வாசலில் சில்லறை, உள்ளூர்த் தறிக்கு வீட்டுக்குள்ளேயே வசூல்.

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வரியால் மட்டும் நம் நெசவாளி விழவில்லை. 1830களுக்குப் பிறகு இயந்திர நூலின் விலைக்குக் கை ராட்டையால் ஈடுகொடுக்க முடியாது என்பது கணக்கு. ஆனால் அந்த இயந்திரம் வளரும்வரை அதற்கு நிழல் கொடுத்தது சுவர். வளர்ந்து முடிந்த பிறகுதான் "சுவர் பாவம், சுதந்திர வர்த்தகமே தர்மம்" என்ற உபதேசம் வந்தது.

அந்த உபதேசமும் காசு தட்டுப்பட்டால் நிற்காது. 1857 கலகத்தை அடக்கிய செலவில் இந்திய அரசின் கஜானா காலியாக இருந்தபோது, நிதி மந்திரியாக லண்டனிலிருந்து வந்தவர் ஜேம்ஸ் வில்சன். 'எகனாமிஸ்ட்' பத்திரிகையை நிறுவியவர், சுதந்திர வர்த்தகத்தின் பெரிய பிரசாரகர். (நமக்கு வருமான வரியை அறிமுகப்படுத்திய புண்ணியவானும் இவர்தான், 1860இல்.) அவர் காலத்திலும் துணிக்கு 10 சதவீத இறக்குமதி வரி இருந்தது. கஜானாவுக்குப் பணம் வேண்டுமே! 1862இல் அதை 5 சதவீதமாகக் குறைத்தார்கள்.

இப்போது நம் வட்டாரத்துக்கு வருவோம். 1876இல் பின்னி கம்பெனி பக்கிங்காம் மில்லைத் தொடங்கியது. 1881இல் கர்நாடிக் மில். இரண்டும் பிற்பாடு 1920இல் ஒன்றாக இணைந்து பக்கிங்காம் அண்டு கர்நாடிக், அதாவது நம் வாயில் பி அண்ட் சி மில் ஆயிற்று. பெரம்பூர், புளியந்தோப்பு, ஓட்டேரி, வியாசர்பாடி, சூளை என்று சுற்றுவட்டாரமே அந்த மில்லின் சங்குச் சத்தத்துக்கு எழுந்து, அந்தச் சங்குச் சத்தத்துக்குச் சாப்பிட்டது. பம்பாயில் இதற்கு முன்பே மில்கள் வந்துவிட்டன.

மான்செஸ்டருக்கு மூக்கில் வியர்த்தது. அந்த 5 சதவீதம் அரசு செலவுக்கான வரியாக இருந்தவரை பொறுத்துக்கொண்டவர்கள், இந்தியாவில் மில் வந்ததும் "இது பாதுகாப்பு வரி, எடுத்துவிடு" என்று கிளம்பினார்கள். 1877இல் லண்டன் பாராளுமன்றம் அப்படியே தீர்மானம் போட்டது. அந்த வருடம் இங்கே என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும்: தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள், அரசுக்கு ஒவ்வொரு ரூபாயும் தேவை. அப்படியும் 1879இல் வைசிராய் லிட்டன், தன் சொந்த ஆலோசனைக் குழுவின் பெரும்பான்மை கருத்தை மீறி, மட்டரகத் துணிகளுக்கான வரியை நீக்கினார். 1882இல் ரிப்பன் பிரபு காலத்தில் உப்பு, மது போன்ற சிலவற்றைத் தவிர இறக்குமதி வரி அத்தனையும் போயிற்று. நாம் சொத்து வரி கட்டும் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை இவர் பெயரில்தான் நிற்கிறது. உள்ளாட்சிக்கு நல்லது செய்தவர் என்பதை மறுக்கவில்லை. ஆனால் கர்நாடிக் மில் எழுந்த அந்தச் சமயத்தில்தான் துறைமுக வாசலில் கதவு, சட்டம் எல்லாம் கழற்றப்பட்டன.

பன்னிரண்டு வருடம் இப்படிப் போயிற்று. வெள்ளி விலை விழுந்து ரூபாய் மதிப்பு சரிந்ததால் 1894இல் அரசுக்கு மறுபடி பணமுடை. எல்லாப் பொருளுக்கும் 5 சதவீத இறக்குமதி வரி வந்தது, பருத்தித் துணிக்கு மட்டும் விலக்கு. ஊரெல்லாம் கூச்சல் எழுந்ததும் அந்த வருடக் கடைசியில் துணிக்கும் 5 சதவீதம் போட்டார்கள். கூடவே ஒரு நிபந்தனை: இந்திய மில்கள் நூற்கும் 20 நம்பருக்கு மேற்பட்ட நூலுக்கும் 5 சதவீதக் கலால் வரி. நம்பர் ஏற ஏற நூல் மெல்லியது. மெல்லிய ரகத்தில்தான் மான்செஸ்டருக்கும் நமக்கும் போட்டி, ஆகவே அதற்கு மட்டும் வரி என்று ஒரு சமாதானம்.

அதுவும் மான்செஸ்டருக்குப் போதவில்லை. 1896 பிப்ரவரியில் வந்தது கடைசிச் சட்டம். இறக்குமதித் துணிக்கு வரி 5லிருந்து மூன்றரை ஆகக் குறைந்தது. நூலுக்கு வரியே இல்லை. இந்திய மில்லில் நெய்யும் எல்லாத் துணிக்கும் மூன்றரை சதவீதக் கலால்.

பேரேட்டை விரித்துப் பாருங்கள். மான்செஸ்டரிலிருந்து 100 ரூபாய்த் துணி துறைமுகத்தில் இறங்குகிறது: வரி ரூ.3.50. பெரம்பூர் மில் வாசலிலிருந்து 100 ரூபாய்த் துணி மாட்டு வண்டியில் ஏறுகிறது: வரி ரூ.3.50. ஆக சுவரின் உயரம் பூஜ்யம். சுவர் என்று பெயருக்கு ஒன்று இருக்கிறது, தரையும் அதே அளவு தூக்கப்பட்டிருக்கிறது.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. நான் பி.காம் படித்த நாளில் பாடப்புத்தகத்தில் இதை ஒரே வரியில் தாண்டிப் போனோம், பிறகு படித்தபோதுதான் உறைத்தது. இந்திய மில்கள் நெய்தது பெரும்பாலும் மொத்த ரகம், காடாத் துணி. அந்த ரகத்தில் மான்செஸ்டர் நம்மோடு போட்டியிட்டதே குறைவு. 1894 சட்டம் அதைத் தொடவில்லை. 1896 சட்டம் எல்லாத் துணிக்கும் என்று சொன்னதால், கூலிக்காரன் கட்டும் காடா வேட்டிக்கு வரி ஏறியது, வசதியானவர் உடுத்தும் மான்செஸ்டர் மல்லுக்கு வரி இறங்கியது. யாரோடு யாருக்குப் போட்டி என்பதே இல்லாத இடத்தில், ஏழையின் இடுப்புத் துணியிலிருந்து மூன்றரை சதவீதம் போனது.

"வெள்ளைக்காரன் புத்தி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். பின்னியும் வெள்ளைக்காரக் கம்பெனிதான். அந்த மூன்றரை சதவீதம் அவர்களையும் கடித்தது. வித்தியாசம் என்னவென்றால் மான்செஸ்டர் முதலாளிக்கும் அவருடைய மில் தொழிலாளிக்கும் பாராளுமன்றத்தில் ஓட்டு இருந்தது. லங்காஷயர் உறுப்பினர்கள் ஒரு கூட்டமாக நின்றால் மந்திரி சபை ஆடும். பெரம்பூரில் மில் வைத்திருந்தவருக்கு அந்தச் செல்வாக்கு இல்லை. அதில் வேலை பார்த்த புளியந்தோப்புக்காரருக்கு எங்கேயும் ஓட்டு இல்லை. என் பார்வையில் இந்த வரலாற்றின் முழு விஷயமும் இதுதான். வரி நல்லதா கெட்டதா என்பது பிறகு. அதைத் தீர்மானிக்கிற அறையில் யாருக்கு நாற்காலி இல்லையோ அவர் தலையில்தான் அது இறங்கியது.

கைத்தறிக்காரர் நிலை வேறு. கைத்தறித் துணிக்குக் கலால் இல்லை, வெளிநாட்டு நூலுக்கு இறக்குமதி வரியும் இல்லை. மலிவான சீமை நூல் வாங்கி நெய்தவர்களுக்கு அந்தச் சட்டம் ஒரு வகையில் உதவியது. பின்னால் 1927இல் மில்களைக் காப்பாற்ற நூலுக்கு 5 சதவீதம் அல்லது ராத்தலுக்கு ஒன்றரை அணா, எது அதிகமோ அது என்று வரி போட்டபோது, மில் சந்தோஷப்பட்டது, தறிக்காரர் அந்த ஒன்றரை அணாவைத் தன் கூலியில் கழித்துக்கொண்டார். ஒருவருக்குக் குடை, இன்னொருவருக்குத் தலையில் சொட்டும் தண்ணீர்.

மலிவுத் துணியால் நன்மையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஒரு வேட்டியை வருடம் முழுக்கக் கட்டியவர் இரண்டு வேட்டி வாங்க முடிந்தது அந்த மலிவால்தான். 1913-14இல் இந்தியாவுக்குள் வந்த துணி 300 கோடி கஜத்துக்கு மேல். நம் மில்கள் அத்தனையும் சேர்ந்து நெய்தது சுமார் 116 கோடி கஜம். அந்த அளவுக்கு வெளிச்சரக்கை நம்பிய பிறகு அது நின்றால் என்ன ஆகும் என்பதை முதல் உலகப் போர் காட்டியது. கப்பல் இல்லை, துணி வரவில்லை, விலை எகிறியது. 1918 செப்டம்பரில் சென்னையில் தானியக் கடைகளும் துணிக் கடைகளும் சூறையாடப்பட்டன. அரிசிக்காக மக்கள் கடையை உடைத்தார்கள் என்பது புரியும். துணிக்காகவும் உடைத்தார்கள் என்பதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள்.

போர்ச் செலவுக்கு இந்தியா 10 கோடி பவுண்டு கொடுக்க ஒப்புக்கொண்டது. அதற்குப் பணம் வேண்டும் என்று 1917இல் துணி இறக்குமதி வரியை ஏழரை சதவீதம் ஆக்கினார்கள், கலால் மூன்றரையிலேயே நின்றது. முதல் முறையாக நாலு சதவீத உயரத்துக்குச் சுவர் எழுந்தது. லங்காஷயர் குதித்தது, பலிக்கவில்லை. 1921 மார்ச்சில் அது 11 சதவீதம் ஆனபோது லங்காஷயர்க்காரர்கள் ஒரு தூதுக் குழுவாகப் போய் இந்திய மந்திரி மாண்டேகுவைப் பார்த்தார்கள். இனி இந்தியாவின் வரியை இந்திய அரசும் சட்டசபையும் பார்த்துக்கொள்ளும், நான் தலையிட மாட்டேன் என்று அவர் அனுப்பிவிட்டார். நாற்காலி கொஞ்சம் நகர்ந்தது.

சுவர் உயர்ந்த அதே 1921இல் சுவருக்குள்ளே நடந்ததைப் புளியந்தோப்புக்காரர்கள் மறக்கக் கூடாது. 1918 ஏப்ரல் 27இல் பி.பி. வாடியா, செல்வபதி செட்டியார் போன்றவர்கள் முயற்சியில் சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான் தொடங்கியது. திரு.வி.க. அதில் முன்னின்றார். 1921 கோடையில் தொடங்கிய வேலைநிறுத்தம் அக்டோபர் வரை நீண்டது. போரால் விலைவாசி ஏறிய அளவுக்குக் கூலி ஏறவில்லை என்ற குமுறல் பல வருடமாக இருந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குப் போனார்கள், சங்கத்தில் இருந்த மற்ற சாதியினரும் முஸ்லிம்களும் வெளியே நின்றார்கள். ஜூன் கடைசியில் புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. ஆகஸ்டு 29இல் போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. வேலைநிறுத்தம் எதையும் பெறாமல் முடிந்தது. வரிச் சுவரால் மில்லுக்குக் கிடைத்த நிழல் தறிக்கு முன்னால் நின்றவர்களுக்குத் தானாக வந்து சேரவில்லை. ஒரே சங்குக்கு எழுந்தவர்கள் ஒருவர் குடிசையை ஒருவர் எரிக்கும் நிலைக்கு வந்தார்கள்.

கலால் போனதும் ஒரு வேலைநிறுத்தத்தால்தான், ஆனால் பம்பாயில். 1925இல் அங்கே மில் முதலாளிகள் கூலியைப் பதினொன்றரை சதவீதம் வெட்டினார்கள். ஒன்றரை லட்சம் பேர் அளவில் வெளியே வந்தார்கள். கலாலை எடுங்கள், கூலியைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்றார்கள் முதலாளிகள். டிசம்பரில் அரசு கலாலை நிறுத்திவைத்தது, கூலி வெட்டும் ரத்தானது. 1926இல் சட்டமே போயிற்று. 1896இலிருந்து எண்ணினால் முப்பது வருடம்.

அதன்பின் மலிவுத் துணி லங்காஷயரை விட்டு ஜப்பானிலிருந்து வரத் தொடங்கியது. 1931 டிசம்பரில் ஜப்பான் தங்க நாணய முறையை விட்டது, யென் மதிப்பு சரிந்தது, ஒசாகா துணி கடைகளில் கொட்டியது. இன்று சீனப் பொருளைப் பற்றிப் பேசும் அத்தனை பேச்சும் அன்று ஜப்பானைப் பற்றிப் பேசப்பட்டது: மட்டரகம், அடிமாட்டு விலை, நம் மில்லை மூடிவிடும். பிரிட்டன் அல்லாத நாட்டுத் துணிக்கு 1932இல் வரி 50 சதவீதம், 1933இல் 75 சதவீதம். (பிரிட்டிஷ் துணிக்கு 25 சதவீதம்தான். சுவரிலும் ஒரு திட்டிவாசல்.) ஜப்பான் சும்மா இருக்கவில்லை. இந்தியப் பருத்தியை வாங்க மாட்டோம் என்று அதன் மில்கள் நிறுத்தின. பருத்தி விவசாயி கையைப் பிசைந்தார். 1934இல் ஒப்பந்தம் வந்தது: வரி மறுபடி 50, ஜப்பான் வருடம் 10 லட்சம் பொதி பருத்தி வாங்கினால் 32.5 கோடி கஜம் துணி விற்கலாம், 15 லட்சம் பொதி வாங்கினால் 40 கோடி கஜம். மில்லைக் காப்பாற்றப் போட்ட வரியின் பில் பருத்திக் காட்டுக்குப் போனதால்தான் இந்தப் பேரம். 1938-39இல் இறக்குமதித் துணி சுமார் 65 கோடி கஜமாகச் சுருங்கியது.

சுதந்திரத்துக்குப் பிறகு நாற்காலி நமக்கே வந்தது. நாம் என்ன செய்தோம்? சுவரை வானத்துக்கு எழுப்பினோம். 1991இல் சில பொருள்களுக்கு வரி 300 சதவீதத்தையும் தாண்டியிருந்தது, பல பொருள்களுக்கு இறக்குமதி உரிமமே கிடையாது. அந்தச் சுவரில் விழுந்த ஓட்டைதான் பர்மா பஜார். பர்மாவிலிருந்து விரட்டப்பட்டு வந்த நம்மவர்களுக்காகப் பீச் ஸ்டேஷன் எதிரே 1969இல் அமைந்த கடைவரிசை. சிங்கப்பூருக்குப் பறந்து பறந்து வந்த 'குருவி'கள் கொண்டுவந்த டேப் ரெக்கார்டர், கைக்கடிகாரம், சென்ட் பாட்டில் எல்லாம் அங்கே. உங்களில் ஐம்பது தாண்டியவர்கள் யாராவது அங்கே பேரம் பேசாமல் வளர்ந்திருந்தால் கை தூக்குங்கள். அந்தப் பேரத்தில் நாம் கொடுத்த விலையில் பாதி, கொடுக்கப்படாத வரியின் விலை.

அப்படிப்பட்ட சுவருக்குள்ளேதான் பி அண்ட் சி மில் 1996இல் மூடியது. வெளிநாட்டுத் துணி வந்து மூடவில்லை, அது அப்போது உள்ளே வருவது எளிதல்ல. விசைத்தறியின் விலைக்கு மில்லால் ஈடுகொடுக்க முடியவில்லை, இயந்திரம் பழசு, சச்சரவு என்று காரணங்கள் பல. சோமனூரிலும் ஈரோட்டிலும் பிவண்டியிலும் நெய்த துணிக்குச் சுங்கச் சாவடி ஏது? மில் நிலத்தில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன.

1991க்குப் பிறகு சுவர் படிப்படியாக இறங்கி, 2001 ஏப்ரல் 1 முதல் நுகர்பொருள் இறக்குமதிக்கு இருந்த அளவுத் தடைகளும் போயின. இப்போது சில இடங்களில் மறுபடி ஏறுகிறது. பொம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். இறக்குமதி வரி 20 சதவீதமாக இருந்தது, 2020 பட்ஜெட்டில் 60 ஆனது, 2023இல் 70. துறைமுகத்துப் பக்கக் கிளையில் சுங்க வரிச் சலான் வாங்கிய நாளிலிருந்து எனக்கு ஒரு பழக்கம், வரி ஏறினால் கடை விலை எவ்வளவு ஏறும் என்று போட்டுப் பார்ப்பது. 100 ரூபாய்க்கு இறங்கும் பொம்மைக்கு 20 வரி, ஆக 120. மொத்த வியாபாரி 25 சதவீதம் லாபம் வைத்தால் 150. சில்லறைக் கடை 40 சதவீதம் வைத்தால் 210. அதே பொம்மைக்கு 60 வரி என்றால் 160, 200, 280. அரசுக்குக் கூடுதலாகப் போனது 40 ரூபாய், உங்கள் பையிலிருந்து போனது 70. இது என் உதாரணக் கணக்கு, ஜி.எஸ்.டி.யைச் சேர்க்கவில்லை. ஆனால் வரி மேல் லாபம் ஏறுவது நிஜம். அந்த 70 ரூபாயால் நம் ஊரில் ஒரு பொம்மைப் பட்டறை ஓடி, அங்கே நாலு பேருக்கு ஒழுங்கான சம்பளம் கிடைத்தால் கொடுக்கலாம் என்பது என் கட்சி. பட்டறை முதலாளி விலையை மட்டும் ஏற்றிக்கொண்டு சம்பளத்தை ஏற்றாவிட்டால் கொடுக்கக் கூடாது என்பதும் என் கட்சிதான். குழுவில் வரி வேண்டும் என்று எழுதியவர்களும் வேண்டாம் என்று எழுதியவர்களும் இந்த இரண்டாவது கேள்விக்கு வரவில்லை.

எதிர்ப்பக்கமும் பார்த்துவிட்டோம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது திருப்பூர் பனியன் கம்பெனிகள் ஆர்டர் நின்று தவித்தன. அந்த வரியைத் தீர்மானித்த அறையிலும் திருப்பூர்த் தையல்காரப் பெண்ணுக்கு நாற்காலி இல்லை.

நம் குடியிருப்பிலும் சுற்றுத் தெருக்களிலும் பி அண்ட் சி மில்லில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள், பேரன் பேத்திகள் இன்னும் இருக்கிறார்கள். பழைய வேலை அட்டை, போனஸ் சீட்டு, சங்கச் சந்தா ரசீது, மில் முத்திரை பதித்த துணித்துண்டு என்று எது இருந்தாலும் சங்க அலுவலகத்தில் காட்டுங்கள். ஸ்கேன் செய்துவிட்டு அன்றே திருப்பித் தந்துவிடுவோம். கூலி எவ்வளவு, அப்போது ஒரு வேட்டி என்ன விலை என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருந்தால் அதையும் எழுதிக் கொடுங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் நான் அங்கேதான் இருப்பேன்.